வெங்காயம் இல்லை

தோட்டப்பாளையத்தில் தோட்டம் இல்லை.
மொட்டைமாடி இருக்கிறது,
அதில் பதினேழு வெள்ளைக் கேன்கள்.
டயாலிசிஸ் மருந்து வந்த கேன்கள்;
கழுத்தை அறுத்து, அடியில்
காய்ச்சிய ஆணியால் ஐந்து ஓட்டை.
மேல் அறைகளில் வாடகைக்கு இருந்துவிட்டுப் போகிறவர்கள்
எதையாவது விட்டுப்போவார்கள்.
மாத்திரை அட்டை, ஒற்றைச் செருப்பு,
தன்பாத்துக்காரர் ஒருவர் அரை மூட்டை சத்துமா.
எனக்குக் கேன் போதும்.

ஐப்பசி மழையில் வந்தாள் தில்மாயா,
காலிம்போங்கிலிருந்து,
கணவனின் பழுதான இரண்டு சிறுநீரகத்தோடும்
கம்பளிக் காலுறைக்குள் ஆறு கிழங்கோடும்.
டியூலிப் என்றாள்.
அவள் மொழி எனக்குத் தெரியாது.
என் மொழியில் அவளுக்குத்
தண்ணி, பில்லு, நாளைக்கு.
ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி
தோளைக் குறுக்கி நடுங்கினாள்.
பத்து விரல், பிறகு நான்கு விரல்.
பதினான்கு வாரம்.
எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
குளிர்ந்து எழுந்தால்தான்
இதுகளுக்கு வசந்தம் வந்தது தெரியும்.

வேலூரில் யாருக்குத் தெரிகிறது அது?
வேம்பு பூத்ததைப் பார்ப்பதற்குள்
மேல்தொட்டித் தண்ணீரில் டீத்தூள் போடலாம்.

நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நாளில்
உப்புமாவுக்கென்று தேசிங்கு
ஒன்றை நறுக்கிவிட்டார். நெடுக்கே.
"கண்ணே எரியலியே" என்று நின்றார்.
உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பதெல்லாம்
வெங்காயத்துக்கு.
இதன் நடுவில் ஒரு பூ.
அரிசி அளவு, பச்சை வெளுப்பு,
எல்லாம் முடித்து, மடித்து,
பெட்டி கட்டி உட்கார்ந்திருந்தது.

தில்மாயா கத்துவாள் என்று
கதவோரம் நின்றேன்.
அவள் ஒரு பாதியை உள்ளே எடுத்துப் போய்
படுத்திருந்தவனின் உள்ளங்கையில் வைத்தாள்.
அவன் சிரித்தான்.
வந்த நாளிலிருந்து அந்த அறையில்
இருமல்தான் கேட்டிருக்கிறேன்.

தை முடிகிற வாரம் நட்டோம்.
செம்மண், தேங்காய் நார்,
எதிர்வீட்டுக் கட்டடத்தில் மிஞ்சிய எம்-சாண்ட்.
மூக்கு மேலே பார்க்க, ஐந்து.
காலையில் ஐஸ் தட்டைத் தட்டி
கட்டிகளை மண்மேல் பரப்புவாள்.
செடிக்கு ஐஸ் வைக்கிற வீடு என்று
பால்காரர் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆள் பொருந்தவில்லை.
அல்லது பணம் பொருந்தவில்லை.
நான் கேட்கவில்லை.
காட்பாடியில் ரயில் ஏறும்போது
கேனைத் தூக்குவது போல் காட்டி
உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு என் கையைப் பிடித்து, "நாளைக்கு" என்றாள்.

ஐந்தில் இரண்டு அழுகின.
இரண்டு வெறும் இலை.
ஒன்று மட்டும், தண்டு நீளக் காத்திராமல்,
கட்டைவிரல் உயரத்தில்
இலைக்குள் முகம் புதைத்தபடி பூத்தது.
மஞ்சள், ஓரத்தில் சிவப்புக் கீற்று.
பகல் பதினோரு மணிக்குத் திறந்து
மறுநாள் நாலு மணிக்குள் தொங்கிப்போனது.
குனிந்து, மண்டியிட்டு,
கன்னம் தரையில் சுட, படம் எடுத்து அனுப்பினேன்.
ஒரு டிக்.

அக்னி நட்சத்திரத்து ஆறாம் நாள்
செத்தது என்று நான் கைவிட்ட ஒன்பதாவது கேனில்
இலைகூட இல்லாமல்
சிவப்புப் பந்தாக எழும்பி நின்றது மே மாதப் பூ.
மூன்று வருடம் முன்பு
சத்துவாச்சாரியில் சைக்கிள்காரரிடம் பத்து ரூபாய்க்கு வாங்கியது.
ஐஸ் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.
அழகுதான். இருந்தும் அன்று
அதன்மேல் கொஞ்சம் கோபமாக இருந்தது.

டியூலிப் கிழங்கு மூன்றும்
பூண்டுப் பல் அளவுக்கு மெலிந்துவிட்டன.
இந்த ஊரில் இரண்டாம் தரம் பூக்காது,
தூக்கிப் போடுங்கம்மா என்கிறான் நர்சரிப் பையன்.
காலுறையை அவள் விட்டுத்தான் போயிருந்தாள்.
அதில் போட்டு, காய்கறித் தட்டில் வைத்து,
அட்டையில் எழுதினேன்: வெங்காயம் இல்லை.
கீழே அசன்சோல் பெண் தன் எழுத்தில் எழுதினாள்.

இன்னும் ஒரு டிக்தான்.

தேசிங்கு ஃபிரிட்ஜைத் திறந்து, படித்து,
வெகுநேரம் நின்றுவிட்டுக் கேட்கிறார்:
"சரி, வெங்காயம் எங்கே?"